பொனட்டுக்குள் படியும் உப்பு

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் ஓடுகிற வண்டிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. சிலாபம், உடப்பு, முந்தல் வழியே வருகிற வண்டிக்கும் உப்புக்காற்று குறைவில்லை. வெளியே படியும் உப்பைக் கழுவிவிடுகிறோம். பொனட்டுக்குள் புகுந்த உப்பு யார் கண்ணுக்கும் படாமல் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. எஞ்சின் பகுதியைச் சுத்தம் செய்வது பளபளப்புக்கான வேலை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நம் கரையில் அது உப்பை வெளியேற்றும் வேலை. இந்த நோக்கம் மனதில் இருந்தால் எந்தத் தண்ணீர், எவ்வளவு தண்ணீர், எந்த நேரம், எதைப் பூசுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எளிதாகக் கிடைத்துவிடும்.

வண்டியைக் காப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது, உதிரிப்பாகங்களுக்கும் தட்டுப்பாடு. பத்துப் பன்னிரண்டு வயதான ஜப்பான் கார்தான் இன்று பல குடும்பங்களின் பெரிய சொத்து. அதை அரைநாள் உழைப்பில் காக்க முடியுமென்றால், அந்த உழைப்பைக் கொடுப்பது நியாயம்.

உள்ளே படிவது என்ன?

முதலில் உப்பு. மூடி திறந்த உப்புப் போத்தல் மழைக்காலத்தில் கசிந்து ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 வீதம் ஈரப்பதனிலேயே கரையும். உப்பளத்தில் உப்பை வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் இலேசில் வற்றாதிருப்பதற்குக் காரணம் இந்த மக்னீசிய உப்புத்தான். ஆகவே கரையோரத்தில் நிற்கும் காரின் எஞ்சின் மேல் படிந்த உப்பு, வெயில் எரிக்கும் சில மணி நேரம் தவிர, நாளின் பெரும்பகுதியும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகவே இருக்கிறது.

அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய உடலில் இரும்பு போல்ட் பொருந்திய இடத்திலும், செப்புக் கம்பி வேறு உலோகத்தோடு சேரும் இடத்திலும் உப்பீரம் இருந்தால் இரண்டுக்குமிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி, ஓர் உலோகம் அரிபடும். அலுமினியத்தை இயல்பாகக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தையும் குளோரைட்டு துளைத்துவிடும். வயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, ஏசி கொண்டென்சரின் தகடுகள் தொட்டால் உதிர்வது, இவையெல்லாம் இதன் அடையாளங்கள்.

அடுத்தது தூசி. பாலாவிப் பக்கம் சீமெந்துத் தூசி. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்னிலையத்தைச் சுற்றிச் சாம்பலும் கரித்தூளும். இரண்டையும் சாதாரண மண் என்று நினைக்கக் கூடாது. சீமெந்துத் தூசியில் தண்ணீர் பட்டால் அது இறுகிக் கட்டியாகும். அந்த ஈரத்தில் காரத்தன்மையும் இருக்கும். காரம் அலுமினியத்தை அரிக்கும். முதலில் தண்ணீரை அடித்துவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்ற வழக்கம் இங்கே பிழைத்துப்போவது இதனால்தான். தூசி, உலர்ந்த நிலையிலேயே வெளியேற வேண்டும்.

இவற்றோடு எஞ்சின் கசிவிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு. உப்பையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பசை அது.

எப்போது செய்வது?

மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். கற்பிட்டிக்குக் காற்றாடிப் பலகைச் சறுக்குக்காரர்களை வரவழைக்கிற இதே காற்றுத்தான் உப்புத் துவலையையும் மணலையும் பொனட்டுக்குள் சேர்க்கிறது. ஆகையால் அந்தக் காற்று ஓய்ந்ததும், ஒக்டோபர் மழை பிடிக்கும் முன், ஒரு முழுச் சுத்தம் அவசியம். மாரி மழையின் சேறு காய்ந்த பின் பெப்ரவரி, மார்ச்சில் இன்னொன்று. இடையில் மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்பவர்களும் மீன் ஏற்றுபவர்களும் இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

நாளில் காலை நேரமே ஏற்றது. இரவு முழுதும் நின்ற எஞ்சின் குளிர்ந்திருக்கும். வேலை முடிந்த பின் காய்வதற்கு முழுப் பகல் வெயிலும் கிடைக்கும். மாலையில் கழுவிப் பொனட்டை மூடினால் இரவின் ஈரக்காற்றில் உள்ளே எதுவும் காயாது. வேலை நடக்கும்போது வண்டி நிழலில் நிற்கட்டும். சோப்பு நுரை உலோகத்தின் மேல் காய்ந்து கறையாகக் கூடாது.

ஓடி வந்த வண்டியில் உடனே கை வைக்கக் கூடாது. குளிரூட்டும் நீரே 90 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். புகை வெளியேறும் குழாய் அதைவிடப் பல மடங்கு சுடும். சூடான வார்ப்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம். உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்து அப்படியே வைத்திருக்க முடிந்தால் அது தயார். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது.

எந்தத் தண்ணீர்?

இந்த ஊர்களில் அதிகம் தவறுவது இங்கேதான். கிணற்று நீர் பல இடங்களில் சவர். சில இடங்களில் உப்புக் கரிக்கும். அந்த நீரால் எஞ்சினைக் கழுவினால் உப்பை எடுத்த கையோடு உப்பைத் தடவியதாகிவிடும். சோதிப்பது எளிது. கழுவித் துடைத்த கண்ணாடித் துண்டில் நாலைந்து சொட்டு விட்டு வெயிலில் காய வையுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தடிப்பாகத் தெரிந்தால் அந்த நீர் இந்த வேலைக்கு உதவாது.

பிடித்து வைத்த மழைநீர் சிறந்தது. இல்லையென்றால் வடிகட்டிய குடிநீர். செலவு அதிகமாகும் என்று அஞ்ச வேண்டாம். முறையாகச் செய்தால் ஒரு சிறிய காருக்கு ஐந்து முதல் எட்டு லீற்றர் போதும். அழுத்தித் தெளிக்கும் சிறிய கைப்பம்பி ஒன்றும் வேண்டும். தோட்டத்துக்கு மருந்தடித்த பம்பியை எடுக்காதீர்கள். பூஞ்சண மருந்துகள் சிலவற்றில் செப்பு உண்டு. செப்புக் கலந்த நீர் அலுமினியத்தில் பட்டால் குழி குழியாக அரிக்கும்.

உயர் அழுத்த நீர்ப்பீச்சியும் வேண்டாம். வீட்டில் பாவிக்கும் சிறிய இயந்திரமே நூறு பார் அளவுக்கு அழுத்தம் தரும். கார்களின் வயர் இணைப்புகள் நீர் புகாதவை என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் பலவற்றின் தரம் ஐபி 67 அளவிலானது. அந்தத் தரம் சொல்வது, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் நுழையாது என்பதை. கிட்ட நின்று பீச்சி அடிக்கும் வேகத்தை அது தாங்குமென்று அந்த எண் சொல்லவில்லை. ரப்பர் வளையத்தைத் தாண்டி ஒருமுறை புகுந்த நீர் வெளியே வர வழியிராது. உள்ளேயே நின்று கம்பியைத் தின்னும். கோளாறு தெரிய மாதங்கள் ஆகலாம். அதனால் கழுவியதற்கும் பழுதுக்கும் தொடர்பிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கை வைக்கும் முன்

பொனட்டைத் திறந்து முதலில் பாருங்கள். கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது, எந்தக் குழாய் வெடித்திருக்கிறது, எந்த வயரின் தோல் உரிந்திருக்கிறது என்பதெல்லாம் அழுக்கு இருக்கும்போதே குறிக்கப்பட வேண்டும். கழுவிய பின் கசிவின் தடம் மறைந்துவிடும். உரிந்த வயரோ உடைந்த இணைப்போ தென்பட்டால் அதைச் சரிசெய்த பிறகே தண்ணீர் பக்கம் போகலாம்.

எலி கூடு வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையில் சிறு கீறல் இருந்தாலும் கிருமி உள்ளே போகும். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் போடுங்கள். எச்சத்தை உலர்ந்தபடி தட்டிப் பறக்க விடாமல், சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியை வீசிவிடுங்கள்.

பிறகு பற்றரி. சாவியை எடுத்து, முதலில் மறை முனையை, அதாவது கழித்தல் குறியுள்ள கறுப்பு வயரைக் கழற்றுங்கள். நேர் முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம். பற்றரியிலிருந்து வெளியேறும் ஐதரசன் வாயு அதில் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. மறை முனையைக் கழற்றுவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சில கார்களில் எஞ்சின் நின்ற பின்னரும் றேடியேற்றர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். இணைப்பு இல்லாவிட்டால் விரல் தப்பும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு

அக்வா, பிரியஸ் போன்ற கார்களில் தடித்த செம்மஞ்சள் வயர்கள் ஓடும். அந்த நிறமே எச்சரிக்கை. முதல் தலைமுறை அக்வாவின் பெரிய பற்றரி 144 வோல்ட். மோட்டாருக்குப் போகும்போது அது 520 வோல்ட் வரை உயர்த்தப்படும். உயிரை எடுக்கப் போதுமான மின்சாரம். செம்மஞ்சள் வயரையும் அது போய்ச் சேரும் இன்வேர்ட்டர் பெட்டியையும் கழற்றக் கூடாது, திறக்கக் கூடாது, அவற்றின் மேல் தண்ணீர் தெளிக்கவும் கூடாது. பிழிந்த துணியால் மேற்புறத்தைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயரின் தோலில் எலி கடித்த தடமிருந்தால் தொடாமல் ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள்.

இந்த வண்டிகளில் எஞ்சின் சத்தமே இல்லாமல் வண்டி இயங்கும் நிலையில் இருக்கும். எஞ்சின் எந்த நேரமும் தானே ஓடத் தொடங்கலாம். பவர் பொத்தானை அணைத்து, முகப்பில் ஒரு விளக்கும் இல்லை என்று உறுதி செய்து, ஸ்மார்ட் சாவியை வண்டியிலிருந்து தள்ளி வீட்டுக்குள் வையுங்கள். அக்வாவிலும் பல பிரியஸ் வண்டிகளிலும் சிறிய 12 வோல்ட் பற்றரி பின்பக்கம் இருக்கும். பொனட்டுக்குள் காணாவிட்டால் பின்னால் பாருங்கள்.

வேலை நடக்கும் வரிசை

ஒன்று, உலர்ந்த சுத்தம். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள். வீட்டில் தூசி உறிஞ்சி இருந்தால் மறுகையில் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் வேப்பிலையும் சவுக்கு இலையும் சேர்ந்திருக்கும், அவற்றை அள்ளுங்கள். அங்கே வடிகால் அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கும். வேலையின் பாதிப் பயன் இந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

இரண்டு, மூடுதல். எயார் பில்டரின் வாய், ஆல்டனேற்றர், பியூஸ் பெட்டி, பிளக் கொயில்கள், பற்றரி ஆகியவற்றைப் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். பிளக் குழிக்குள் நீர் தேங்கினால் எஞ்சின் தட்டுத்தடுமாறும். பழைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதையும் மூட வேண்டும். எத்தனை பை போட்டீர்கள் என்று எண்ணி வையுங்கள். மறந்துவிட்ட ஒரு பையை பெல்ட் இழுத்துக்கொண்டால் பெரிய சேதம்.

மூன்று, சோப்பு. ஒரு வாளி நீரில் கார் ஷாம்பு, கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. பிரஷ்ஷையோ துணியையோ அதில் தோய்த்துப் பிழிந்து, ஒரு சாண் அகலப் பகுதியாகத் தேய்த்துத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு தடித்த இடத்துக்கு மட்டும் நீரில் கரையும் பிசுக்கு நீக்கியைத் துணியில் எடுத்துப் போடலாம். நேரே விசிறி அடிக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். பழைய வழக்கம்தான், என்றாலும் ஆபத்தானது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 210 பாகைச் சூட்டில் தீப்பொறி இல்லாமலேயே பற்றும். ஓடும் எஞ்சினின் புகைக்குழாய் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். இடுக்கில் மிஞ்சிய எண்ணெய் அடுத்த பயணத்தில் தீயாகலாம். றேடியேற்றர் குழாய்களின் ரப்பரும் எண்ணெய்ப் பொருள் பட்டால் ஊறிப் பருத்துத் தளரும். கழிவறை கழுவும் அமிலமும் கோஸ்டிக் சோடாவும் அலுமினியத்துக்கு எதிரி.

நான்கு, அலசுதல். கைப்பம்பியில் நல்ல தண்ணீர் நிரப்பி, மெல்லிய தூவலாக, மூடாத இடங்களில் மட்டும் தெளியுங்கள். உடனே துணியால் ஒற்றுங்கள். உப்பு கரைந்து துணிக்கு வர வேண்டும்; ஒழுகிக் கீழே வேறோர் இடுக்கில் தங்கக் கூடாது. துணியை அடிக்கடி மாற்றுங்கள்.

றேடியேற்றரும் அதன் முன்னே நிற்கும் ஏசி கொண்டென்சரும் தனிக் கவனம் கேட்கின்றன. வண்டி ஓடும்போது கடற்காற்று நேராக மோதுவது இவற்றில்தான். தகடுகள் கடதாசி போல மெல்லியவை. பிரஷ்ஷால் அழுத்தினால் மடங்கும். கை எட்டினால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, காற்று வரும் திசைக்கு எதிராக, மெதுவாக நீரைத் தூவுங்கள். சிக்கிய பூச்சியும் உப்பும் வந்த வழியே வெளியேறும். தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகப் பாவிக்கக் கூடிய ஒரே இடம் இது. மாதம் ஒருமுறை இதை மட்டும் செய்தாலும் ஏசியின் ஆயுள் கூடும்.

ஐந்து, காய வைத்தல். உறைகளை எண்ணிக் கழற்றுங்கள். உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, பொனட்டைத் திறந்தபடி வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு பற்றரியை மாட்டுங்கள். இப்போது நேர் முனை முதலில், மறை முனை கடைசியில். திறந்த வெளியில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட்டால் உள்ளே மிஞ்சிய ஈரமும் சூட்டில் போய்விடும். முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ எஞ்சின் உதறினாலோ நிறுத்தி, பிளக் பகுதியை மீண்டும் காய விடுங்கள்.

பூசுவதில் கவனம்

சுத்தம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகே எதையும் பூச வேண்டும். உப்பின் மேல் பூசிய எண்ணெய், உப்பை உள்ளே பூட்டி வைக்கும்.

பற்றரி முனையில் பூத்த வெள்ளை, நீலப் பொடியை, ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்துப் போக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அந்தப் பொடி அமிலத்தோடு சேர்ந்தது. கரைசல் பற்றரிக்குள் இறங்கக் கூடாது. நல்ல நீரால் துடைத்துக் காய்ந்த பின், முனைகளை இறுக்கி மேலே வாஸ்லின் மெல்லியதாகத் தடவினால் உப்பீரம் உலோகத்தைத் தொடாது.

டபிள்யூடி 40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவான இந்தத் திரவம், ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. பெயரிலுள்ள இரண்டு எழுத்தும் நீரை விலக்குதல் என்பதைக் குறிப்பன; 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதற்கு. நனைந்த போல்ட்டிலிருந்து ஈரத்தை விரட்ட அது நல்லது. அதன் படலம் மெல்லியது, நாளடைவில் போய்விடும். மாதக்கணக்கான கடற்காற்றுக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. வெளியே தெரியும் இரும்புப் போல்ட்டுகளுக்கும் பிடிகளுக்கும் லனோலின் அல்லது மெழுகு கலந்த துருக்காப்புப் பூச்சு நீண்ட நாள் நிற்கும். புகைக்குழாயிலும் பெல்ட்டிலும் எந்தப் பூச்சும் படக் கூடாது. பெல்ட் வழுக்கும், குழாய் புகையும்.

பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்கும் பளபளப்புத் திரவம் விருப்பமானால், நீரில் செய்ததை வாங்கித் துணியால் தடவுங்கள். சிலிக்கோன் ஸ்பிரேயைப் பொனட்டுக்குள் அடித்தால் அதன் ஆவி எஞ்சினுக்குள் இழுபட்டு ஒட்சிசன் சென்சரைக் கெடுக்கும்.

கீழே விழும் தண்ணீர்

கற்பிட்டிக் குடாநாட்டின் நல்ல தண்ணீர், மணலுக்குக் கீழே உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. கிணறுகள் ஆழமில்லை. மணலில் ஊற்றியது வடிகட்டப்படாமல் விரைவில் அந்தப் படைக்குப் போய்ச் சேரும். தோட்டமும் குடிநீரும் நம்பியிருப்பது அதைத்தான். எஞ்சினிலிருந்து வழியும் எண்ணெயை மணலில் விடுவது, நம் கிணற்றிலேயே விடுவதற்குச் சமம். கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினுக்குக் கீழே ஒரு தகரத் தட்டோ தடித்த பொலித்தீனோ விரித்து, அதன் மேல் தும்புச்சோறு பரப்புங்கள். நம் மாவட்டத்தில் தென்னைக்குப் பஞ்சமில்லை; தும்புச்சோறு எண்ணெயையும் அழுக்கு நீரையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதையும் எண்ணெய்த் துணிகளையும் பையில் கட்டி, கழிவெண்ணெய் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். குறைந்த நீரில் வேலை செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

வெள்ளத்திலோ களப்பு நீரிலோ எஞ்சின் மூழ்கிய வண்டியை வீட்டில் கழுவ முயல வேண்டாம். ஸ்டார்ட் செய்தும் பார்க்க வேண்டாம். உள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டன் தண்டு வளையும். பச்சை பூத்த வயர்க்கட்டுகள், தொட்டால் உதிரும் கொண்டென்சர், செம்மஞ்சள் வயர் சம்பந்தப்பட்ட எதுவும் அவர்கள் வேலை.

முச்சக்கர வண்டிக்கும் விதி ஒன்றுதான். எஞ்சின் பின்னால், வீதிக்கு நெருக்கமாக இருப்பதால் மணலும் சேறும் அதிகம் சேரும். பிளக், காபரேட்டர், மின்பெட்டி ஆகியவற்றை மூடி, பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்து மீண்டும் பொனட்டைத் திறந்து, முன்பு எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். சுத்தமான உலோகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் புதிதாகத் தெரிந்தால் கசிவு எங்கேயென்று இப்போது விரல் வைத்துச் சொல்லலாம். சிறிய ரப்பர் வளையம் மாற்றுவதோடு முடியும் பழுதை அந்த நிலையிலேயே பிடித்துவிடுகிறீர்கள். தேதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எப்போது கழுவினீர்கள், எங்கே பச்சை பூத்திருந்தது, எது கசிந்தது. இரண்டு சோளகம் கடந்த பின் அந்தக் குறிப்பைப் பார்த்தால், உங்கள் வண்டியில் உப்பு முதலில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பது தெரிந்திருக்கும். அடுத்த முறை வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.